பாண்டிச்சேரி பஸ்ஸில் நாற்பதாவது ஆள்

1. வாத்தியார் வரவில்லை

கடலையே பார்க்காத ஒருத்தி கடற்கரை ஊரைச் சுற்றிக் காட்டும் கைடு ஆனாள். அவள் நான்தான். இதைச் சொன்னால் இப்போது டூரிஸம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்துவிட்டு ஹையருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆபீஸுக்கு இரண்டு பஸ். கல்யாண பார்ட்டி, திருப்பதி பார்ட்டி, ஆடி மாதமானால் மேல்மலையனூர் பார்ட்டி. டிரிப் ஷீட் அடிப்பது, பர்மிட்டுக்கு மனு அடிப்பது, ஆள் பட்டியல் அடிப்பது என் வேலை. மற்றவர்கள் எங்கெங்கோ போய் வருவார்கள். நான் அந்த ஊர்ப் பெயர்களைக் கார்பன் வைத்து மூன்று பிரதி அடிப்பேன்.

முதலாளி என்னை "இந்தாம்மா டைப்பு" என்றுதான் கூப்பிடுவார். நான் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஒருநாள் அவருக்குப் புது யோசனை வந்தது. "எல்லாரும் கோயிலுக்கே இட்டுனு போறான். நாம பாண்டிச்சேரிக்கு ஒரு டூர் வுடலாம். கடலு, வெள்ளக்காரன் கட்டின தெரு, பழைய கதைங்க. ஒரு ஆளு கூடவே நடந்து சொல்லிக்கினே வரணும்" என்றார்.

யோசனை நல்லதுதான். சிக்கல் ஒன்றே ஒன்று. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, பாண்டிச்சேரியில் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் பாண்டிக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னால், கேட்டவர் கடலைப் பற்றி விசாரிக்க மாட்டார். அதனால் நோட்டீஸில் 'குடும்பத்துடன் கண்டு களிக்க' என்று கொட்டை எழுத்தில் போட்டோம். எதிரே இருந்த பூக்கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "குடும்பத்தோட குடிக்கவா?" என்று கேட்டார்.

கைடு வேலைக்கு ரிட்டயரான சரித்திர வாத்தியார் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தோம். பாவம், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அந்த ஊர்க் கதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் மனைவி அந்த நோட்டுடன் ஆபீஸுக்கு வந்தார். அதை என் மேஜை மேல் வைத்தார். "பாண்டிக்கா? இந்த வயசுலயா? அவரு வரமாட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாற்பது சீட்டும் புக் ஆகியிருந்தது. முதலாளி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் போறேன் சார்."

"நீ பாண்டி பாத்துருக்கியா?"

"பாத்துருக்கேன் சார்."

பச்சைப் பொய். நான் பார்த்திருந்த பெரிய தண்ணீர் வேங்கிக்கால் ஏரி, அதுவும் நன்றாக மழை பெய்த வருஷத்தில். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு வழியில்லை அவருக்கு.

"நல்லா கேட்டுக்கோ. சாயங்காலம் அஞ்சரைக்கு பஸ் எடுத்துடணும். ஒம்பதுக்கு ஊர்ல இருக்கணும். திரும்பி வரும்போது ஒருத்தன் வாயிலயும் வாட வரக் கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் டூர் கெடையாது, நீயும் அந்த மெஷின வுட்டு எழுந்திருக்கக் கூடாது. எங்க அக்காவும் பஸ்ல வருது."

அக்கா என்பது ராஜம்மா. முதலாளிக்கே முதலாளி. முதல் சீட்டில் உட்கார்ந்து வந்து எல்லாவற்றையும் தம்பியிடம் ஒப்பிப்பதுதான் ஏற்பாடு.

2. நோட்டும் கடலும்

தை மாதம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கி முடித்து ஜனங்கள் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். விடியற்காலை ஐந்து மணிக்கு டவுன் ஆட்களும் அடி அண்ணாமலை ஆட்களும் ஏறினார்கள். மீதிப் பாதிப் பேர் கீழ்பென்னாத்தூரில் ஏறினார்கள். டிரைவர் காசிம் பாய். அவர் பாண்டிக்கு நூறு தடவையாவது போயிருப்பார், ஒரு தடவைகூடக் கதை கேட்டதில்லை.

கீழ்பென்னாத்தூரில் ஏறியவர்களில் ஏழுமலை என்றொரு விவசாயி, ஐம்பது வயதிருக்கும். கூடவே மனைவி கோவிந்தம்மா. ஏறியதும் அந்தம்மா என் காதருகே வந்து, ஆனால் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"டீச்சர், இவரு மேல ஒரு கண்ணு வைங்க. போன தடவ பாண்டிப் பக்கம் மாடு வாங்கப் போறேன்னு போனாரு. மூணு நாள் கழிச்சி வந்தாரு. மாடு வரல."

ஏழுமலை சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்தார். "வருஷா வருஷம் கார்த்திகைக்கு மலைமேல நெய் டின்னு தூக்குறேன். அந்த மாசம் தொடுறனா பாரு" என்றார்.

"மிச்சம் பதினோரு மாசம் இருக்குதே" என்றார் கோவிந்தம்மா.

செஞ்சி தாண்டியதும் நோட்டைத் திறந்தேன். யார் முதலில் வந்தது, யார் யாரிடமிருந்து ஊரைப் பிடித்தது, எத்தனை தடவை கை மாறியது என்று பிசிறில்லாமல் படித்தேன். திண்டிவனம் வருவதற்குள் பாதி பஸ் தூங்கிவிட்டது. ராஜம்மா அக்கா கொட்டாவி விட்டார்.

"இந்தாம்மா, எங்களுக்குப் பரீட்ச எதுனா வெக்கப் போறியா?"

அவமானமாக இருந்தது. குரலை உயர்த்தி இன்னும் வேகமாகப் படித்தேன். பஸ் கடற்கரை ரோட்டில் திரும்பியது. படித்துக்கொண்டிருந்த வரி பாதியில் நின்றது. ஜன்னல் முழுக்க நீலம். அந்தப் பக்கக் கரை எங்கே என்று என் கண் தேடுகிறது, கிடைக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. காசிம் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"மொதல் தடவையா பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க பாய்."

"சொல்லல. மொதல்ல வாய மூடு, ஈ பூந்துடப் போவுது."

நாற்பது பேரும் இறங்கித் தண்ணீருக்கு ஓடினார்கள். முதலில் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார்கள், அப்புறம்தான் காலை வைத்தார்கள். ஒரு கிழவி உள்ளங்கையில் எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். "உப்புனு சொன்னாங்க. இம்மாம் ஜாஸ்தினு ஒருத்தரும் சொல்லல" என்றாள். நானும் திரும்பி நின்று யாரும் பார்க்காதபோது ஒரு விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன். உண்மைதான்.

3. இருபத்து மூன்றாம் பக்கம்

வெள்ளைக்காரத் தெருக்களில் நடத்திக்கொண்டு போனேன். நூல் பிடித்த மாதிரி தெரு, மஞ்சள் சுவர், உயரமான கதவு, நடுவில் ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்கால். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் முனையில் நின்றார். எங்கள் ஆட்கள் வரிசையாக அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். அவர் எதற்கென்று புரியாமல் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் வருஷம் சொன்னேன். அவர்கள் கேட்டது வேறு.

"இம்மாம் பெரிய வூட்ல மாட்ட எங்க கட்டினாங்க?"

"வாசப்படி இவ்ளோ ஒசரமா இருக்குதே, கோலம் எங்க போடுவாங்க?"

நோட்டில் மாடும் இல்லை, கோலமும் இல்லை. நல்லவேளை, ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்கள் கூச்சலைக் கேட்டு எழுந்து வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த ஊரில் சொல்தா என்பார்கள். கைத்தடியால் சுட்டிக் காட்டி, பின்பக்கம் குதிரை கட்டிய இடத்தையும் கிணற்றையும் எங்களுக்குக் காட்டினார். நாற்பது பேரும் கண் கொட்டாமல் கேட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடற்கரைத் திடலில் சிலையைச் சுற்றி உயரமான கல்தூண்கள் நிற்கும். அங்கே போனதும் யாரும் சொல்லாமலே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வலப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிய கால்கள், வேறு எப்படிப் போகும். ஏழுமலை மட்டும் ஒரு தூணருகே நின்று அதைத் தட்டிப் பார்த்தார். வேலைப்பாட்டைத் தடவினார்.

"டீச்சர், இது இந்த ஊர்க் கல்லு இல்ல. செஞ்சிக் கல்லு. எங்க மாமனார் ஊர் செஞ்சிதான். கோட்டையில இதே மாதிரி கெடக்குது."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க" என்றேன், கைடு தோரணையில்.

மனசு கேட்காமல் நோட்டைப் புரட்டினேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில் வாத்தியார் எழுதியிருந்தார்: இத்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பர். காது மடல் சூடாகிவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி அந்த வரியைப் படித்து, "அவர் சொன்னதுதாங்க சரி" என்றேன். அவ்வளவுதான். நாற்பது பேரும் அந்தத் தூணை வந்து தொட்டார்கள். அதுவரை யாரோ ஊரில் நடந்த கதை, அதற்குமேல் அவர்கள் கல் வந்து சேர்ந்த கதை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மறந்துபோவேன். பஸ்ஸில் ஏறும்போது, தான் எதைப் பார்க்கப் போகிறோம் என்பது பார்ட்டிக்கே தெரியாது. கைடுக்கும் தெரியாது. ஊரைக் காட்டிவிட்டுக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்களே காட்டுவார்கள். இது நோட்டில் வராத பாடம். எனக்கு அன்று சாயங்காலம்தான் முழுசாகப் புரிந்தது.

4. அஞ்சரை மணி

திடலுக்கு எதிரிலேயே பழைய லைட் ஹவுஸ். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கு இரண்டே வரி. மூன்று மணி சுமாருக்கு அதைக் காட்டி, "பொழுது சாஞ்சதும் உச்சியில வெளக்கு ஏத்துவாங்க. கடல்ல ரொம்ப தூரத்துக்குத் தெரியும்" என்றேன். அந்த இரண்டு வரி என்னை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

ஐந்தே காலுக்கு ஹெட் கவுண்ட் எடுத்தேன். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது. நாற்பதாவது ஆள் ஏழுமலை.

கோவிந்தம்மா முந்தானையை இடுப்பில் செருகினார். "நான் சொன்னனா இல்லையா? போய்ட்டாரு. கடை கண்ணுல பட்டிருக்கும்."

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்தெருவில் ஓடினேன். கல்யாணமாகாத பெண், சாராயக் கடை வாசல் வாசலாக எட்டிப் பார்க்கிறேன். எங்கப்பா பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். மூன்றாவது கடையில் ஒருவர் என்னையும் நோட்டையும் பார்த்துவிட்டு டம்ளரை அவசரமாக மேஜைக்குக் கீழே ஒளித்தார். "சாரி டீச்சர்" என்றார். ஏழுமலை எங்கேயும் இல்லை.

திரும்பி வந்தேன். மணி ஐந்தரை தாண்டியிருந்தது. மற்றவர்களாவது சீட்டில் இருப்பார்கள் என்று பார்த்தால் பஸ்ஸில் காசிம் பாய் மட்டும் இருந்தார். ஜனம் மொத்தமும் கடற்கரைச் சுவரில் வரிசையாக, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லைட் ஹவுஸைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வழிக்குக் கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலம் எல்லோர் மடியிலும் பிரிக்காமல் இருந்தது. நடுவில் ராஜம்மா அக்கா.

"ஏறுங்க அக்கா, லேட்டாவுது."

"எங்க ஏறுறது? வெளக்கு ஏத்தப் போறாங்கன்னு நீதான சொன்ன?"

"அக்கா, அது கப்பலுக்கு வெச்ச வெளக்கு."

"யாருக்கு வெச்சா இன்னா? ஒசரத்துல ஏத்துறாங்க இல்ல? ஏத்துற நேரத்துல எழுந்து போறதா? பாத்துட்டுத்தான் சாப்புடணும், பாத்துட்டுத்தான் கெளம்பணும்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் சுடர் தெரியும்வரை யாரும் வீட்டு விளக்கை ஏற்ற மாட்டார்கள். விரதம் இருப்பவர்கள் வாயில் சோறு வைக்க மாட்டார்கள். கண்ணை உச்சியில் வைத்தபடி ஊரே காத்திருக்கும். அந்தப் பழக்கத்தை இவர்கள் பஸ்ஸில் கூடவே ஏற்றி வந்திருந்தார்கள். அது மட்டுமில்லை, அதற்கு நேரமும் இடமும் குறித்துக் கொடுத்தவள் நான்.

"பாப்பா, இப்ப எடுத்தாதான் ஒம்பது. மொதலாளி சும்மா வுடமாட்டாரு" என்றார் காசிம் பாய்.

எனக்கு அழுகை முட்டியது. ஒரு ஆள் காணோம், பஸ் எடுக்கவில்லை, புகார் சொல்ல வேண்டிய அக்காவே ஏற மாட்டேன் என்கிறார். அந்த ஒரு நாளைக்காக எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இனிமேல் ரிப்பன் மாற்றுவதும் கார்பன் அடுக்குவதும்தான் என் பிழைப்பு என்று நினைத்துக்கொண்டு கோவிந்தம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போவது போகட்டும், நானும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு வீம்பு.

5. மேலேயிருந்து வந்த குரல்

கடல் சாம்பல் நிறமானது. பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. ஆறு மணி தாண்டிச் சிறிது நேரத்தில் உச்சிக் கண்ணாடிக்குள் வெளிச்சம் வந்தது.

முப்பத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். கைகள் தலைக்கு மேலே போயின. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஒரு சத்தம். கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். காலையில் பார்த்த சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர், ஏதோ ஊர்வலம் என்று நினைத்து ஓடி வந்தார். என் கையும் மேலேதான் இருந்தது. எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை.

அப்போது உச்சியிலிருந்து பதில் வந்தது.

"அரோகரா!"

கோவிந்தம்மா என் கையைப் பிடித்தார். "இது அவரு கொரலு."

லைட் ஹவுஸின் மேல் வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை நின்றார். பக்கத்தில் காக்கிச் சட்டையில் விளக்குக்காரர். இருவருமே கையை மேலே தூக்கியிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் இறங்கி வந்தார்கள். ஏழுமலைக்கு மூச்சு வாங்கியது, ஆனால் வாய் நிற்கவில்லை.

"நெய்யா எண்ணெயானு கேக்கப் போனேன் டீச்சர். மலைக்கு நெய் தூக்குறவன்னு சொன்னேன். வாய்யா, வந்து பாருன்னு இட்டுனு போய்ட்டாரு. ஒரே ஒரு பல்பு! இத்தினியூண்டு பல்பு! சுத்தியும் கண்ணாடி அடுக்கி வெச்சிருக்கான். அதான் அம்மாம் தூரம் அடிக்குது. நாம எத்தினி டின்னு நெய் தூக்குறோம்!"

கோவிந்தம்மா நேரே அவர் முகத்தருகே போனார். "ஊது" என்றார். அவர் ஊதினார். அந்தம்மா இன்னொரு தடவை ஊதச் சொன்னார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "மல்லாட்ட வாசனதான் வருது" என்றார். கடற்கரையே சிரித்தது. போலீஸ்காரரும்தான்.

"ஏத்துற எடத்துக்குப் போவும்போது எவன்டி தொடுவான்?" என்றார் ஏழுமலை, கொஞ்சம் ரோஷத்தோடு.

விளக்குக்காரர் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "பத்து வருஷமா ஏத்துறேங்க. கப்பல்காரன் எங்கேயோ தூரத்துல பாப்பான், எனக்குத் தெரியாது. கீழ நின்னு கும்புட்டவங்கள இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். ராஜம்மா அக்கா தன் புளியோதரைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். அதன் பிறகுதான் மற்றவர்கள் பிரித்தார்கள்.

எல்லையில் செக்போஸ்ட். பாட்டில் தேடி ஏறிய போலீஸ்காரர் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். சங்கும் கிளிஞ்சலும்தான் கிடைத்தன. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் டார்ச்சை அணைத்தார்.

"பாண்டிக்குப் போய் வெளக்குப் பாத்துட்டு வர்ற பஸ்ஸ இப்பதான்யா பாக்குறேன்."

6. மூன்று பிரதி

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை தாண்டியிருந்தது. நியாயம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

முதலாளி வந்தார்.

"எத்தினி மணிக்கு வந்தீங்க?"

"பத்தரைக்கு மேல ஆயிடுச்சி சார்."

"நான் எத்தினி மணி சொன்னேன்?"

"ஒம்பது சார். அப்புறம் சார், இன்னொண்ணு. நான் பாண்டி பாத்ததேயில்ல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். கடலப் பாத்து நீ வாயப் பொளந்துகினு நின்னன்னு அக்கா சொல்லிச்சி." நாற்காலியில் உட்கார்ந்தார். "ராவெல்லாம் தூங்க வுடல அது. வெளக்கு, தூணு, குதிர கட்டின எடம். காலையில எழுந்தா வூட்டு வாசல்ல எட்டு பொம்பளைங்க நிக்கறாங்க. வெளக்குப் பாக்குற பஸ்ஸு மறுபடி எப்பன்னு கேக்கறாங்க. பேப்பர் போடு."

பேப்பரும் கார்பனும் வைத்து உருளையைத் திருகினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"பாண்டிச்சேரி குடும்ப டூர். பொறப்பாடு காலை அஞ்சு மணி. திரும்புறது அஞ்சரைன்னு போட்டமே, அத எடுத்துடு. சாயங்காலம் லைட் ஹவுஸ் வெளக்குப் பாத்த பிறகு பஸ் எடுக்கப்படும். அடுத்த வரி. கைடு..."

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அவர் முகத்தில் வெட்கத்தைப் பார்த்தது அன்றுதான்.

"உன் பேரு இன்னாம்மா?"

"சுலோச்சனா சார்."

"போடு."

அந்த டூரில் அப்புறம் நான் பத்து வருஷத்துக்கு மேல் போனேன். இடையில் அந்தப் பழைய விளக்கை நிறுத்திவிட்டுத் தள்ளிப் புதிதாக ஒன்று கட்டினார்கள், நாங்களும் நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டோம். வாத்தியாரும் ஒரு தடவை வந்தார், காவலுக்கு மனைவியும் வந்தார். ஆனால் நான் பத்திரமாக வைத்திருப்பது அன்று காலை அடித்த தாளின் மூன்றாவது பிரதியை. கார்பன் மங்கி எழுத்து தெளிவாக இருக்காது. பாண்டிச்சேரி என்ற ஊர்ப் பெயருக்குக் கீழே, கைடு என்று போட்டு, என் பெயர் இருக்கிறது.